இடது காலின்மேல் எனக்கிருந்த சந்தேகம்

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது அவர் முகத்தை அல்ல, வாயை. வாசற்படியிலேயே நிறுத்தி, "ஊது மாமா" என்பேன். ஊதுவார். பெயிண்டருக்கு வாக்கப்பட்டவளுக்கு மட்டுமே தெரிந்த பேஜாரு ஒன்று உண்டு, பெயிண்டைக் கரைக்கிற தின்னர் வாசனை. சட்டை, கை, மீசை, மூச்சு எல்லாவற்றிலும் அதுதான். அதற்குள் ஒரு குவார்ட்டர் ஒளிந்திருந்தாலும் எந்த மூக்குக்கும் பிடிபடாது. ஊதச் சொல்லியும் எனக்கு ஒன்றும் தெரியாது, சொல்லாமலும் என்னால் இருக்க முடியாது.

நான் இப்படி ஆனதற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, என் வேலை. விழுப்புரத்தில் ஒரு ரெடிமேட் துணிக்கடையில் பெண்கள் பிரிவு ட்ரையல் ரூம் வாசலில் பத்து வருஷமாக நிற்கிறேன். உள்ளே மூன்று சுடிதார் போனால் மூன்றும் வெளியே வரவேண்டும். யார் கண்ணைத் தவிர்க்கிறார்கள், யார் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியிலா மாட்டமுடியும்? இரண்டாவது காரணம் என் அப்பா. குடித்தே போனவர். காலையில் அவருக்குக் கை நடுங்கும், கால் தள்ளாடும். ஒரு கிளாஸ் உள்ளே இறங்கிவிட்டால் போதும், நடுக்கம் நின்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி நேராக நடப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

என் வீட்டுக்காரருக்குத் திண்டிவனத்தில் வேலை. அங்கே ஒரு பெயிண்டிங் மேஸ்திரியிடம் பல வருஷமாக இருக்கிறார். காலையில் ரயிலில் போய், சாயங்காலம் ரயிலிலேயே திரும்புவார். பெயிண்டரிலும் இரண்டு ஜாதி உண்டு. தரையில் நின்று உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துப் பட்டி பார்ப்பவர்கள் கீழ்வேலைக்காரர்கள். மூன்று மாடி, நான்கு மாடி உயரத்துக்குச் சாரம் கட்டி, அந்தக் கம்புகள்மேல் நின்று வெளிச்சுவர் அடிப்பவர்கள் மேல்வேலைக்காரர்கள். கூலியும் அவர்களுக்குத்தான், மரியாதையும் அவர்களுக்குத்தான். இவர் மேல்வேலை. பஸ்ஸில் போகும்போதுகூட ஏதாவது ஒரு கட்டடத்தைக் காட்டி, "தோ, அந்த மொட்டமாடி கைப்பிடி இருக்குது பாரு, அது நான் அடிச்சது" என்பார். அந்த வேலை இல்லாமல் அவரை நினைத்துப் பார்க்க எனக்கே வராது.

முதல்முறை அவர் விழுந்தபோது நான் சந்தேகப்படவில்லை என்று சொன்னால் அது பொய். எங்கள் தெருவைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி, மூடி, மூடியதை மறுபடி தோண்டிப் போட்டிருந்தார்கள். கடை முடிந்து வரும் வழியில் அவரைப் பார்த்து, இரண்டு பேரும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தோம். விளக்கு வைக்கிற நேரம். என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னவர், சொல்லி முடிப்பதற்குள் இடது பக்கம் சாய்ந்து அப்படியே தரைக்குப் போய்விட்டார். கல் இல்லை, பள்ளம் இல்லை. ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான்.

"இன்னா மாமா?"

"ஒண்ணும் இல்லமே. கால் பெசகிடுச்சு."

வீட்டுக்கு வருவதற்குள் கணுக்காலின் வெளிப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அந்த அக்கா பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்து பிறந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர் நீவிவிட்டால் சுளுக்கு இறங்கிவிடும் என்பார்கள். அக்கா நீவினார், நான் புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்டேன். நாலு நாளில் வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே கால். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது முறை நீவிக்கொண்டிருக்கும்போதே அக்கா என்னைச் சமையற்கட்டுப் பக்கம் போகும்படி கண்ணைக் காட்டினார். பின்னாலேயே வந்து காதுக்குள் பேசினார்.

"தப்பா எடுத்துக்காத. ஒருத்தருக்கு ஒரே கால்ல எத்தினி தபா சுளுக்கும்? எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் சுளுக்கு சுளுக்குன்னு சொல்லிக்கினு இருந்தாரு. கடைசீல குடிச்சுக் குடிச்சு ஈரல்ல போய் நின்னுது."

அதற்கு அப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்தியது. காலையில் மனுஷன் விழுவதே இல்லை. விழுவதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகு. குடிகாரன் விழுகிற நேரமும் அதுதானே? தெருவில் நடக்கும்போது தலையைத் தூக்குவதில்லை, எதையோ தொலைத்தவர் மாதிரி தரையையே பார்த்துக்கொண்டு நடக்கிறார். பேச்சுக் கொடுத்தால் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்கிறார். கடையில் இப்படி ஒருத்தி நடந்தால் நான் அவள் பையைத் திறக்கச் சொல்லியிருப்பேன். இவருடைய டிபன் டப்பாவை மோந்து பார்த்தேன். பேன்ட் பாக்கெட்டைக் கவிழ்த்துக் கொட்டினேன். உப்புத்தாள் துண்டும் ரயில் பாஸும் தவிர ஒன்றும் விழவில்லை. ஒன்றும் விழாததே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஒரு புதன்கிழமை மதியத்தோடு லீவு சொல்லிவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். மூன்று மாடிக் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு வெளிச்சுவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. புருஷனை வேவு பார்க்க வந்தவள் ஒரு கிளாஸ் ஜூஸை ஒரு மணி நேரம் குடிக்கிறாள் என்று வண்டிக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

மேலே அவர் நின்றிருந்த நிலையைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. இடது கை சாரக்கம்பைச் சுற்றிப் பிடித்திருக்க, வலது கை ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு இறங்கினார்கள். கை கால் கழுவினார்கள். மற்ற நாலு பேரும் தெருக்கோடியில் இருந்த ஒயின்ஷாப்புக்குள் போனார்கள். இவர் உள்ளே போகவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றி, காலை இழுத்து இழுத்து, தள்ளாடிக்கொண்டே அந்தச் சந்துக்குள் போனார். பத்து நிமிஷம். வெளியே வந்தார் பாருங்கள், நடை நேராகிவிட்டது! சுவரைப் பிடிக்கவில்லை, தள்ளாடவில்லை, விறுவிறுவென்று ஸ்டேஷன் பக்கம் நடக்கிறார்.

தள்ளாடிக்கொண்டு போனவர் நேராக வருகிறார் என்றால் அதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். என் அப்பாவே அந்தச் சந்திலிருந்து நடந்து வந்த மாதிரி இருந்தது எனக்கு. அவர் கண்ணில் படாமல் பஸ் பிடித்து, அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தார். நான் ஊதச் சொல்லவில்லை.

"ஒயின்ஷாப் சந்துல இன்னா வேல உனக்கு?"

முழித்தார். "யார் சொன்னது?"

"எவ சொல்லணும்? நானே பாத்தேன். ரெண்டு கண்ணால பாத்தேன்."

"சந்துக்குள்ள வந்தியா?"

"எனக்கு இன்னா கேடா, அந்தக் கருமத்துக்குள்ள வர்றதுக்கு? ரோட்லேர்ந்து பாத்தேன்."

அப்போது அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அது நிம்மதி மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டவன் எதற்கு நிம்மதியாக மூச்சு விடுகிறான் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு கட்டிலில் உட்கார்ந்து, சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"ஆமா. குடிக்கிறேன். இப்ப இன்னாங்கற?"

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா தெருவுக்கே வந்துவிட்டார். அழுதேன், தட்டை எடுத்து எறிந்தேன், அப்பா செத்த கதையை முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் குடியை விடுவதற்கு அதுதான் வழி. திண்டிவனம் போகிற வழியில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே போய்ச் சூடத்தின்மேல் சத்தியம் செய்தால் பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டிவிடுவார். கயிறு இருக்கிறவரைக்கும் குடித்தால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்று பயம். ஊரில் பெரிய பெரிய குடிகாரர்களெல்லாம் அந்தக் கயிற்றுக்கு அடங்கியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். பூசாரி கேட்டதற்கு, "இனிமே தொட மாட்டேன்" என்று திடமாகச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு என்று சொல்லிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். நான் அம்மனுக்குக் கேப்பைக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன். இவ்வளவு சுலபமாகச் சத்தியம் செய்கிறாரே என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

கயிற்றைப் பார்த்த மேஸ்திரி மறுநாளே அவரைச் சாரத்திலிருந்து இறக்கிவிட்டார். "கயிறு கட்டின புதுசுல கை நடுங்கும்டா. மூணு மாசம் கீழ நில்லு. அப்பால பாக்கலாம்" என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் முகம் செத்துக் கிடந்தது. கூலி குறைந்தது. கூட வேலை செய்தவர்களெல்லாம் மேலே நின்று அடிக்க, இவர் கீழே குந்தி உப்புத்தாள் தேய்த்தார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. குடல் வெந்து சாவதைவிட உப்புத்தாள் தேய்ப்பது மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து வீட்டிலேயே இருந்தார். நானும் லீவு. கெடார் கிராமத்திலிருந்து சொந்தக்காரர் கொடுத்தனுப்பிய, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற பச்சை வேர்க்கடலையை வேகவைத்து, இரண்டு பேரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து உரித்துத் தின்றோம். பொழுது சாய்ந்ததும் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினோம். படிக்கட்டில் பாதியில் கரண்ட் போனது. எனக்கு முன்னால் போனவர், அந்த இருட்டில் ஒரு படி வைத்தார். அவ்வளவுதான். இடது கால் உள்பக்கம் மடங்கி, துணியோடு நாலு படி உருண்டார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். பழக்க தோஷம், முதலில் வாயைத்தான் மோந்தேன். அன்றைக்குத் தின்னர் இல்லை. மல்லாட்டை வாசனை மட்டும்தான். காலையிலிருந்து என் கண்ணைவிட்டு நகராத மனுஷன்! குடிக்காத மனுஷன் குடிகாரன் மாதிரி விழுகிறார் என்றால் இது வேறு என்ன?

மறுநாள் விழுப்புரத்தில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். பத்து நாள் கழித்து வீக்கம் வடிந்ததும் வந்து பிசியோதெரபி டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். போனோம். சின்னப் பெண்தான். இவரைச் சுவரோரமாகச் செருப்பில்லாமல் நிற்கச் சொன்னார்.

"அண்ணா, கை ரெண்டையும் இடுப்புல வைங்க. வலது கால்ல மட்டும் நில்லுங்க. இப்ப கண்ண மூடுங்க."

கொக்கு மாதிரி நின்றார்.

"சரி, இப்ப இடது கால். மொதல்ல கண்ணத் தொறந்தே நில்லுங்க."

நின்றார். ஆனால் உடம்பு முழுக்க அசைந்தது. இடுப்பு இந்தப் பக்கம், தோள் அந்தப் பக்கம்.

"இப்ப கண்ண மூடுங்க."

மனதுக்குள் எண்ணினேன். மூன்று எண்ணுவதற்குள் என் தோள்மேல் வந்து விழுந்தார். நடிக்கிறாரோ? ஆமாம், அப்போதும் எனக்கு அதுதான் தோன்றியது. "இன்னொரு தபா நிக்கச் சொல்லுங்கம்மா" என்றேன். இந்தத் தடவை குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தேன். விரல்கள் தரையைப் பிடிக்கப் பார்த்தன, கணுக்காலுக்கு மேலே நரம்பெல்லாம் படபடவென்று துடித்தது. மேலே முகத்தில் வியர்வை. அதை நடிக்க முடியாது. ட்ரையல் ரூம் வாசலில் பத்து வருஷம் நின்றவள் சொல்கிறேன்.

"இதோட எத்தனை தடவ மடங்கியிருக்குண்ணா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பதினோரு தபா."

எனக்குத் தெரிந்து நாலுதான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "கணுக்காலுக்கு வெளிப்பக்கம் நார் மாதிரி இருக்கும்மா. மடங்க மடங்க அது இழுபட்டு லூசாகிடுச்சு. அது மட்டும் இல்ல. பாதம் எந்தப் பக்கம் சாயுதுன்னு கால்லேர்ந்து மூளைக்கு ஒரு சேதி போகணும். இவருக்கு அது லேட்டா போகுது. வெளிச்சத்துல கண்ணு பாத்து சமாளிச்சிடும். இருட்டுல, இல்லன்னா பேச்சுல கவனம் போச்சுன்னா, மடங்கினப்புறம்தான் இவருக்கே தெரியும். தூரத்துலேர்ந்து பாக்கறவங்க குடிச்சிருக்காருன்னு நெனப்பாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கட்டு ஏதாவது கட்டுவீங்களா?" என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார்.

"வேல முடிஞ்சதும் கட்டுவேன். க்ரேப் பேண்டேஜ். சந்துல போய் சுத்திக்கினு ஸ்டேஷனுக்கு நடப்பேன். ரயில்லயே கழட்டி இடுப்புல சொருகிக்குவேன்" என்றார் இவர், என் பக்கம் திரும்பாமல்.

எந்தச் சந்து என்று நான் கேட்கவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் பல் விளக்கும்போது இடது காலில் நிற்க வேண்டும், பிறகு கண்ணை மூடி நிற்க வேண்டும், பிறகு தலையணைமேல் நிற்க வேண்டும், மாதக்கணக்கில் விடாமல் செய்தால் தேறும் என்று டாக்டரம்மா சொன்னதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. குடிக்காத மனுஷனை இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டவைத்திருக்கிறேன். அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வரும் வழியில், "குடிக்காதப்ப குடிச்சேன்னு ஏன் சொன்ன?" என்று கேட்டேன்.

"வுடு."

"இன்னாத்த வுடறது?"

"இந்தக் கால் விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். யார்கிட்டயும் வாயத் தொறக்காத. எதிர்வூட்டு அக்காகிட்ட கூட."

"ஏன்?"

"சொல்லாதன்னா சொல்லாத."

பாருங்கள், அந்த நேரத்திலும் என் மூக்கு வியர்த்தது. எதையோ மறைக்கிறார். ஆனால் ஒரு தடவை சந்தேகப்பட்டுப் பட்ட பாடு போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். வெட்கப்படுகிறார், அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன்.

அவர் ஒழுங்காகப் பயிற்சி செய்தார். காலையில் குழாயடியில் பிரஷ்ஷோடு ஒற்றைக்காலில் நிற்பார். மேஸ்திரி சொன்ன மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. என்னால் பொறுக்கமுடியவில்லை. நான் கெடுத்த பேரை நான்தானே சரிசெய்ய வேண்டும்? ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு, அவரிடம் சொல்லாமல் திண்டிவனம் போனேன். போன தடவை ஒளிந்து நின்ற ரோட்டில் இந்தத் தடவை தலை நிமிர்ந்து நடந்தேன்.

மண்டபத்து வேலை முடியும் தறுவாயில் இருந்தது. மேஸ்திரி டப்பாவில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார். இவர் கொஞ்சம் தள்ளி, சுவரோரம் குந்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"மேஸ்திரி, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேங்க" என்றேன். "இவரு குடிக்கிறதே இல்லீங்க. நான்தான் தப்பா நெனச்சி கயிறு கட்டவெச்சிட்டேன். இது கால்ல இருக்கிற கோளாறு. கணுக்கால் நார் லூசாகி, தானா மடங்கிக்குது. இத்தோட பதினோரு தபா மடங்கியிருக்குது. தோ பாருங்க, டாக்டர் எழுதிக்குடுத்த சீட்டு."

சீட்டை நீட்டினேன். எவ்வளவு பெருமையாக நீட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மேஸ்திரி சீட்டை வாங்கவில்லை. பெயிண்ட் கலக்கிய குச்சியை டப்பாமேல் வைத்துவிட்டு, என்னையும் பார்த்தார், இவரையும் பார்த்தார்.

"தானா மடங்குதா?"

"ஆமாங்க."

"எப்ப மடங்கும்னு அவனுக்கே தெரியாதா?"

"மடங்கினப்புறம்தான் தெரியும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வெளியே போன பிறகுதான், நிமிர்ந்து அந்தச் சாரத்தைப் பார்த்தேன். மூன்று மாடி. மேலே ஒரு ஆள், ஒரு கம்பின்மேல் இரண்டு பாதத்தை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"தங்கச்சி," என்றார் மேஸ்திரி. கோபமாகச் சொல்லவில்லை. "குடிகாரன்னா காலைல மூஞ்சப் பாத்தாலே எனக்குத் தெரியும். தெளிஞ்சிருந்தா ஏத்துவேன், இல்லன்னா வூட்டுக்குப் போடான்னுடுவேன். அடுத்த வாரம் இவன மேல ஏத்தலாம்னுதான் இருந்தேன். இனிமே எப்படி ஏத்துவேன்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா உனக்கு யாரு பதில் சொல்றது?" பிறகு இவர் பக்கம் திரும்பி, "இத்தினி வருஷமா என்கிட்ட மறச்சிட்டியேடா" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திட்டுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். ரோட்டோரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாமா, எனக்குத் தெரியாது மாமா," என்று அழுதேன். "என்கிட்டயாவது மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல? நான் எதுக்கு இருக்கேன்? சொல்லியிருந்தா நான் இங்க வந்து இப்படி…"

அவர் என் கையிலிருந்த சீட்டை வாங்கி, மடித்து, தன் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"உன்கிட்ட சொல்லியிருந்தா," என்று மெதுவாகக் கேட்டார், "நீ என்ன மேல ஏற வுட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அதை அவர் என் முகத்திலேயே பார்த்துவிட்டு, திரும்பப் போய்ச் சுவரோரம் குந்தி உப்புத்தாளை எடுத்தார்.